படுவான்கரையில் பெட்டித்தேன்: முதல் முறை தேன் எடுப்பவர்களுக்கு

யூடியூபில் தேன் எடுக்கும் வீடியோவைப் பார்த்துவிட்டுப் பெட்டியைத் திறக்கப் போகிறவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த வீடியோக்களில் பெரும்பாலும் வருவது மெலிஃபெரா என்ற வெளிநாட்டுத் தேனீ. மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான நம் படுவான்கரைப் பெட்டிகளில் இருப்பது செரானா என்ற நாட்டுத் தேனீ. உடல் சிறியது, கூட்டம் சிறியது, சேர்க்கும் தேனும் குறைவு. அதோடு, தொல்லை மிஞ்சினால் நாட்டுத் தேனீ கொட்டுவதோடு நிற்காது. பெட்டியைக் காலி பண்ணிவிட்டு இராணியோடு போய்விடும். ஆகவே நம் பக்கத்தில் தேன் எடுக்கும் வேலையில் பாதி, எதை எடுக்காமல் விடுவது என்று தெரிந்திருப்பதுதான். மற்றப் பாதி தேனிலுள்ள தண்ணீரைப் பற்றியது. அதற்குப் பிறகு வருகிறேன்.

எப்போது எடுப்பது

மாரி ஓய்ந்து மாசி, பங்குனி ஆகும்போது மரமுந்திரிகை, இலுப்பை, வேம்பு என்று ஒவ்வொன்றாகப் பூக்கத் தொடங்கும். காட்டோரத்தில் பெட்டி வைத்திருப்பவர்களுக்குப் பாலையும் வீரையும் கிடைக்கும். வாவிக்கரையில் வைத்திருப்பவர்களுக்குக் கண்டல். தென்னை வருடம் முழுவதும் கை கொடுக்கும். சித்திரையிலிருந்து பெட்டியின் மேல் அறையை, அதாவது தேன் சேரும் மேல் தட்டை, இடைக்கிடை பார்த்து வாருங்கள். கச்சான் காற்று வீசத் தொடங்கியதும் காற்றில் ஈரம் குறையும், தேனும் சீக்கிரம் பழுக்கும். அறுவடைக்கு அதுதான் நல்ல காலம்.

ஆவணிக்குப் பிறகு எடுக்காதீர்கள். ஐப்பசி தொடங்கி மழை கொட்டும் நாட்களில் தேனீ வெளியே போக முடியாது, சேர்த்து வைத்ததைத்தான் தின்ன வேண்டும். அதையும் நாம் எடுத்துவிட்டுச் சீனிப்பாகு கரைத்து ஊற்றலாம் என்பார்கள். செய்யலாம்தான், ஆனால் ஒரு போத்தல் தேனுக்காக அந்தப் பாடு எதற்கு?

பக்கத்து வயலில் மருந்து அடித்திருந்தால் சில நாட்கள் பெட்டிப் பக்கமே போகாமல் விடுங்கள்.

முதலில் பழுத்த தேனை அடையாளம் காண வேண்டும்

புதிதாகத் தொடங்குபவர்கள் கொட்டுக்குப் பயப்படுகிறார்கள். நான் பார்த்த வரையில் தேன் கெடுவதற்குக் காரணம் கொட்டு அல்ல, அவசரம். பூவிலிருந்து தேனீ கொண்டு வருவது பெரும்பாலும் தண்ணீர். அதைச் சிறகால் விசிறி, வற்றவைத்து, பதம் வந்ததும்தான் வதையில் (தேனடையில்) உள்ள சின்ன அறையின் வாயை மெழுகால் மூடும். மூடும் முன் நாம் எடுத்தால் தண்ணீர் மிகுந்த தேன்தான் கிடைக்கும். தேனில் தண்ணீர் சுமார் 20 வீதத்தைத் தாண்டினால் நொதிக்கத் தொடங்கும். சில கிழமைகளில் போத்தலில் நுரை கட்டும், மூடியைத் திறந்தால் புஸ் என்று காற்று வரும், புளிப்பு மணக்கும். வாவியை ஒட்டிய, கடலும் தூரமில்லாத நம் ஊரில் காற்றிலேயே ஈரம் அதிகம் என்பதால் இந்த விசயத்தில் நமக்கு இன்னும் கூடிய கவனம் தேவை.

வதை கட்டியிருக்கும் மரச்சட்டத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தேன் மூடி வெள்ளையாக, மெல்லியதாக, கொஞ்சம் சுருங்கினது போல் இருக்கும். குஞ்சு இருக்கும் அறைகளின் மூடி பழுப்பு நிறம், லேசாக உப்பி இருக்கும். ஆண் தேனீ வளரும் அறை என்றால் மூடியின் நடுவில் ஊசியால் குத்தினது போல் ஒரு சின்னத் துளை தெரியும். நாட்டுத் தேனீயின் தனி அடையாளம் அது. பழுப்பு மூடி ஒன்று தெரிந்தாலும் அந்தச் சட்டம் உங்களுடையது இல்லை, திரும்ப வைத்துவிடுங்கள்.

முக்கால்வாசி அறைகள் வெள்ளை மூடி போட்டிருந்தால் எடுக்கலாம். சந்தேகம் என்றால் சட்டத்தை நேராகப் பிடித்தபடி பெட்டிக்கு மேல் ஒரு குலுக்குக் குலுக்குங்கள். திறந்த அறைகளிலிருந்து துளி தெறித்தால் பழுக்கவில்லை, இன்னும் ஒரு கிழமை விடுங்கள்.

பெட்டியைத் திறப்பது

பின்னேரம் 4 மணிக்குப் பிறகு, காற்று மழை இல்லாத நாளாகப் பார்த்து வேலையைத் தொடங்குங்கள். நடுப்பகல் வெயிலில் வதை இளகிச் சட்டத்திலிருந்து கழன்று விழும். வெளிர் நிற முழுக்கைச் சேட், முகவலை, புகைப்பான், மென்மையான தூரிகை, மூடியுள்ள ஒரு வெற்றுப்பெட்டி ஆகியவை போதும். வாசனைத் திரவியம் பூச வேண்டாம். வாழைப்பழம் தின்றுவிட்டும் போக வேண்டாம். கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் தேனீ கொட்டும்போது மற்றத் தேனீக்களைக் கூப்பிட விடும் மணம் வாழைப்பழ வாசனையை ஒத்தது.

புகைப்பானில் காய்ந்த தேங்காய்ப் பொச்சைப் போட்டு மூட்டுங்கள். புகையை முதலில் உங்கள் உள்ளங்கையில் ஊதிப் பாருங்கள். கை சுட்டால் தேனீக்கும் சுடும். வாசலில் இரண்டு மூன்று ஊது ஊதிவிட்டு ஒரு நிமிடம் பொறுங்கள். அளவுக்கு மீறிப் புகைத்தால் நாட்டுத் தேனீ அடங்குவதற்குப் பதில் அங்குமிங்கும் ஓடத் தொடங்கும், தேனிலும் புகை மணம் ஏறிவிடும்.

மேல் மூடியைத் தட்டாமல், இடிக்காமல் மெதுவாக நெம்பித் திறவுங்கள். ஓரத்துச் சட்டத்திலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொன்றையும் தூக்கியதும் இராணி ஏறி நிற்கிறதா என்று இரண்டு பக்கமும் பாருங்கள். பிறகு தேனீக்களைத் தூரிகையால் கீழ்நோக்கி மெல்லத் தள்ளிப் பெட்டிக்குள் விழவிட்டு, சட்டத்தை வெற்றுப்பெட்டியில் வைத்து உடனே மூடுங்கள். புது வதை மெல்லியது. படுக்கையாகத் திருப்பினால் உடைந்துவிடும், எப்போதும் செங்குத்தாகவே பிடியுங்கள்.

கீழ் அறையைத் தொட வேண்டாம். அங்கேதான் குஞ்சும் மகரந்தமும் இருக்கின்றன. மேல் அறையிலும் ஒன்றிரண்டு சட்டத்தைத் தேனோடு விட்டுவிடுங்கள்.

கொட்டினால் நகத்தால் வழித்துக் கொடுக்கை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கொஞ்சம் புகை ஊதுங்கள். வீங்குவதும் கடுகடுப்பதும் வழமைதான். உடம்பெல்லாம் தடித்தாலோ மூச்சு முட்டினாலோ தலை சுற்றினாலோ மட்டும் வீட்டு வைத்தியம் பார்க்க நினைக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். முதல் அறுவடைக்குத் தனியே போகாமல் கூட ஒருவரை வைத்திருக்கச் சொல்வது இதற்காகத்தான்.

தேனைப் பிரிப்பது

வீட்டுக்குள், கதவு ஜன்னல் அடைத்த அறையில் செய்யுங்கள். திறந்த விறாந்தையில் தொடங்கினால் ஊர்த் தேனீ எல்லாம் பந்திக்கு வந்துவிடும். வதையில் சூடு இருக்கும்போதே, அன்றைக்கே எடுத்துவிட வேண்டும். ஆறினால் தேன் தடித்து வராமல் நிற்கும். இரவு முழுக்கத் திறந்து வைத்தால் தேன் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும்.

நீளமான கத்தியைச் சுடுதண்ணீரில் தோய்த்து, துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, வெள்ளை மூடிகளை மட்டும் மெல்லச் சீவுங்கள். கீழிருந்து மேலாக, அரிவது போல் கத்தியை நகர்த்தினால் அறை நசுங்காது. சீவல் ஒரு பாத்திரத்தில் விழட்டும், அதிலும் நல்ல தேன் இருக்கிறது.

சட்டங்களைச் சுழற்றித் தேனைப் பிரிக்கும் இயந்திரத்தில் எதிரெதிராக, எடை சமமாக இருக்கும்படி வையுங்கள். முதலில் மெதுவாகச் சுற்றி ஒரு பக்கத்தில் பாதித் தேனை எடுங்கள். திருப்பி மறுபக்கத்தை முழுவதும் எடுங்கள். திரும்பவும் முதல் பக்கம். ஒரே பக்கத்தை வேகமாகச் சுற்றினால் மறுபக்கத் தேனின் பாரம் தாங்காமல் வதை பிய்ந்துவிடும்.

இரண்டு பெட்டிக்காக இயந்திரம் வாங்க வேண்டியதில்லை. நாலைந்து பேர் சேர்ந்து ஒன்று வாங்கலாம், அல்லது உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். விவசாயத் திணைக்களத்தின் தேனீப் பிரிவு பண்டாரவளைக்குப் பக்கத்தில் பிந்துனுவெவயில் இருக்கிறது.

இயந்திரமே கிடைக்கவில்லை என்றால், மேலே இரண்டு விரல் அகலம் வதையை விட்டுவிட்டு மீதியை வெட்டி எடுத்து, சுத்தமான, ஈரமில்லாத பாத்திரத்தில் நசுக்கித் துணியில் வடியவிடலாம். தேன் நல்லதுதான். ஆனால் தேனீ வதையைத் திரும்பக் கட்ட வேண்டும், ஒரு கிலோ மெழுகு சுரக்க அதற்கு ஆறு, எட்டுக் கிலோ தேன் செலவாகும் என்பது பொதுவான கணக்கு. குஞ்சு வதையையும் சேர்த்துப் பிழியும் பழைய பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். புழுச்சாறு கலந்த தேன் சீக்கிரம் புளிக்கும்.

வடித்து அடைப்பது

முதலில் கண் பெரிய வடி, பிறகு நைலோன் துணி. மூடியுள்ள எவர்சில்வர் வாளியில் இரண்டு நாள் அசையாமல் வையுங்கள். நுரையும் மெழுகுத் துகளும் மேலே வரும், வழித்துவிடுங்கள். அலுமினியம், இரும்புப் பாத்திரம் வேண்டாம், தேனில் அமிலத்தன்மை உண்டு. போத்தலைக் கழுவிய பிறகு வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள். அடியில் நாலு துளி தண்ணீர் இருந்தாலும் தேன் கெடும். அடுப்பில் வைத்துக் காய்ச்ச வேண்டாம், மணமும் குணமும் போய்விடும்.

ஒரு 750 மில்லிலீற்றர் போத்தலில் நல்ல தேன் ஒரு கிலோவுக்குச் சற்று மேலே நிற்கும். விலை பேசும்போது கிலோவா போத்தலா என்று முதலே கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீரில் விட்டுப் பார்ப்பது, நெருப்புக்குச்சியைத் தோய்த்துக் கொளுத்துவது, எறும்பு வருகிறதா என்று பார்ப்பது என்று வாங்க வருபவர்கள் ஆளுக்கொரு சோதனை செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும், அவற்றால் சீனிப்பாகைப் பிரித்தறிய முடியாது. அடியில் மணல் போல் உறைந்தாலும் கலப்படம் என்று அர்த்தமில்லை. இளஞ்சூட்டுத் தண்ணீரில் போத்தலை நிறுத்தினால் கரைந்துவிடும். ஒரு வயதாகாத பிள்ளைக்கு மட்டும் கொடுக்க வேண்டாம் என்று சொல்லியே விற்பனை செய்யுங்கள். நாக்கில் தடவுவதும் கூடாது. பொட்டுலிசம் என்ற நோயை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் தேனில் இருக்கலாம், அந்த வயதில் குடலால் அதைத் தாங்க முடியாது.

வெறும் சட்டங்களை அன்று இருட்டும் நேரத்தில் பெட்டியிலேயே திரும்ப வையுங்கள். ஒட்டியிருக்கும் தேனைத் தேனீக்களே நக்கித் துப்புரவாக்கும். வாசலைக் கொஞ்சம் ஒடுக்கிவிடுங்கள், பெட்டிக் காலடியில் உள்ள சிரட்டைகளில் தண்ணீர் இருக்கிறதா என்றும் பாருங்கள். தேன் மணத்துக்கு அன்றிரவு எறும்பு கட்டாயம் வரும்.

சீவல் மெழுகை வடியவிட்டு, கழுவி, தண்ணீரோடு பழைய சட்டியில் மெல்லிய சூட்டில் உருக்கித் துணியில் வடியுங்கள். ஆறியதும் மஞ்சள் தட்டாக மேலே மிதக்கும். அடுத்த வருடம் புதுச் சட்டங்களின் மேற்கட்டையில் அதைத் தடவிவிட்டால் தேனீ அந்தக் கோட்டிலேயே நேராகக் கட்டும்.