“வீட்டுக்குப் போகணும்” என்று அம்மா சொல்லும்போது

மாலை ஐந்தரை மணி ஆனால் என் அம்மா இரண்டு புடவைகளை மடித்து மஞ்சப்பையில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவார். “பொழுது சாயுது, வீட்டுக்குப் போகணும்” என்பார். முப்பது ஆண்டுகளாக அவர் குடியிருக்கும் வீடு இதுதான். “இதுதாம்மா உங்க வீடு” என்று நான் எடுத்துச் சொன்ன போதெல்லாம் அவருடைய பதற்றம் கூடியதே தவிரத் தணிந்ததில்லை.

அம்மாவுக்கு டிமென்ஷியா, அதாவது நினைவும் சிந்தனையும் படிப்படியாக மங்கும் மறதி நோய். டிமென்ஷியா உள்ளவர்களில் 60 முதல் 70 விழுக்காட்டினருக்குக் காரணமாக இருப்பது அல்சைமர் நோய். அது பெரும்பாலும், புதிய நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியை முதலில் தாக்குவதால், காலையில் சாப்பிட்ட இட்லி நினைவில் தங்காது. பிறந்த வீட்டுத் திண்ணையும் கிணற்றடியும் நெடுநாள் தங்கும். அம்மா கேட்பது அந்தத் திண்ணையை. அங்கே இருந்த நிம்மதியையும் சேர்த்து.

ஆகவே வாதாடாதீர்கள். “போகலாம்மா. உங்க வீட்டுக் கிணத்துத் தண்ணி இனிக்குமா?” என்று அருகில் அமர்ந்து கேளுங்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே பசியா, வலியா, சிறுநீர் கழிக்க வேண்டுமா என்று கவனியுங்கள். அவற்றைச் சொல்லத் தெரியாத தவிப்பும் இந்தச் சொற்களாகவே வெளிவரும். இருட்டும் முன்பே விளக்குகளைப் போட்டுவிடுங்கள். கைக்குப் பழகிய வேலை ஒன்றைக் கொடுங்கள்: ஒரு முறத்தில் மொச்சையைக் கொட்டி வைத்தால் என் அம்மாவின் விரல்கள் தாமாகவே உரிக்கத் தொடங்கும், முகம் தெளியும். இறந்துபோன தம் தாயைக் கேட்டால், சாவை ஒவ்வொரு முறையும் நினைவூட்ட வேண்டாம்; அவருக்கு அது ஒவ்வொரு முறையும் புதுச் சாவு.

குழப்பம் ஓரிரு நாட்களில் திடீரென்று முற்றினால் நோய் வளர்ந்துவிட்டது என்று முடிவுகட்டாமல், சிறுநீர்த் தொற்றோ புதிதாகத் தொடங்கிய மாத்திரையோ காரணமா என்று அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். மறதி தென்படும் தொடக்கத்திலேயே வைட்டமின் பி12, தைராய்டு பரிசோதனைகளைக் கேட்டுச் செய்துகொள்வதும் அவசியம். அக்குறைபாடுகளால் வரும் மறதிக்குச் சிகிச்சை உண்டு. முதியோருக்கான 14567 என்ற கட்டணமில்லா உதவி எண்ணையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பையைக் கையிலிருந்து பிடுங்காதீர்கள். அவர் உறங்கிய பின் புடவைகளை அலமாரியில் வைத்துவிட்டு, உங்கள் தொலைபேசி எண் எழுதிய சீட்டைப் பையின் உட்புறத்தில் தைத்துவிடுங்கள். நாளை மாலையும் அவர் அதைத்தான் எடுப்பார்.