ஒரு ட்ரில் மெஷின், பத்து வீடு

எங்கள் ஊரில் கல்யாணத்துக்கு யாரும் அண்டா வாங்குவதில்லை. ஊர்ப் பொதுவில் இருப்பதை எடுத்து வந்து சமைத்து, தேய்த்துத் திருப்பிக் கொடுப்பார்கள். இதே ஏற்பாட்டை அடுக்குமாடியில் ட்ரில் மெஷினுக்கும் செய்யலாம். பத்து வீடு சேர்ந்தால் போதும்.

முதலில் பட்டியல். வருஷத்துக்கு நாலு தடவைகூடத் தொடாத பொருள் என்னென்ன என்று வீடு வீடாகக் கேளுங்கள். ஏணி, ட்ரில், பெரிய இட்லிக் கொப்பரை, விருந்தாளிக்கான பாய் என்று வரும். மிக்ஸி மாதிரி தினமும் தேவைப்படுவதைச் சேர்க்காதீர்கள், சண்டைதான் மிஞ்சும்.

அப்புறம், படிக்கட்டுக்கு அடியில் பூட்டுப் போட்ட அலமாரி.

மூன்றாவது, நோட்டு. யார், எதை, எப்போது எடுத்தார், எந்த நிலையில் திரும்ப வந்தது என்று எழுதுங்கள். வாட்ஸ்அப் குழு இதற்கு ஆகாது, 'காலை வணக்கம்' படங்களுக்கு அடியில் புதைந்துவிடும். நாங்கள் நோட்டு இல்லாமல்தான் தொடங்கினோம். இரண்டாவது மாதமே ட்ரில் பிட் (துளை போடும் முனை) உடைந்து வந்தது, யார் கை என்று இன்றுவரை தெரியாது. இப்போது கொடுக்கும்போதும் வாங்கும்போதும் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிடுகிறோம்.

நான்காவது, சாவி. மாதம் ஒரு வீட்டில் இருக்கட்டும். ஆனால் அதைச் சும்மா செய்கிற உபகாரமாக விடாதீர்கள். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் 1967 முதல் இயங்கும் ட்வின் ஓக்ஸ் குடியிருப்பில் வருமானமும் கார்களும் பொது. அங்கே சமையல், துப்புரவு ஆகியவையும், விற்பனைக்கான பொருள்களைச் செய்வதைப் போலவே உழைப்பு நேரமாகக் கணக்கில் ஏறும். அதைப் பார்த்துத்தான் சாவி வைத்திருப்பவருக்கு அந்த மாதச் சந்தாவைத் தள்ளுபடி செய்தோம். அதுவரை தட்டிக் கழித்தவர்கள் 'எங்கள் முறை எப்போது?' என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

பணம்: சந்தா வீட்டுக்கு மாதம் 50 ரூபாய், ரிப்பேருக்கு. ஒவ்வொரு தடவைக்கும் வாடகை வாங்காதீர்கள், வாங்கினால் அது கடையாகிவிடும். பிட், உப்புத்தாள் போலத் தேய்கிறவற்றை அவரவர் வாங்கிக்கொள்ளட்டும்.

தொடங்க மூன்று பொருள் போதும். எங்களுக்கு முதலில் வந்தது ஏணி. அலமாரி வாங்கும்போது அதை அளக்க மறந்துவிட்டோம், இன்னும் வெளியேதான் சாய்ந்து நிற்கிறது.