வானூர்தியிலிருந்து நுண்ணலைகளால் மண் ஈரத்தை வரைபடமாக்கும் முறை

இப்பணிக்கு 1.4 கிகாஹெர்ட்ஸ் அலைவெண்ணில், அதாவது ஏறத்தாழ 21 சென்டிமீட்டர் அலைநீளத்தில் இயங்கும் கதிர்வீச்சுமானியே (நிலம் இயல்பாக உமிழும் நுண்ணலைகளை அளக்கும் கருவி) மிகப் பொருத்தமானது. உலர்ந்த மண்ணின் மின்காப்பு மாறிலி (ஒரு பொருள் மின்புலத்துக்கு எவ்வளவு வினைபுரிகிறது என்பதன் அளவு) சுமார் 4 என்றால், நீருக்கு அது 80ஐ ஒட்டியிருப்பதால், ஈரம் கூடக்கூட நிலம் உமிழும் நுண்ணலைக் கதிர்வீச்சு குறைகிறது.

மண்ணும் பயிரும் ஏறக்குறைய ஒரே வெப்பநிலையில் இருக்கும் விடியற்காலையில் பறப்பது நல்லது. கருவியின் கற்றை, அதாவது அது கதிர்வீச்சை ஏற்கும் கோணம், 15 பாகை அகலமுடையதாக இருந்து, வானூர்தி 1,000 மீட்டர் உயரத்தில் பறந்தால், ஒவ்வோர் அளவீடும் தரையில் சுமார் 260 மீட்டர் அகலப் பரப்பின் சராசரியாகும். பறப்புக் கோடுகளின் இடைவெளி இதைவிடக் குறைவாக இருக்கட்டும். பறப்புக்கு முன்னும் பின்னும் அமைதியான பரந்த நீர்நிலையின் மேல் அளந்து, கருவியைச் சரிபாருங்கள்.

பலரும் அவசரப்படுவது தரை மாதிரிகளில்தான். என் கருத்தில் வரைபடத்தின் நம்பகத்தன்மை பெரிதும் அவற்றைப் பொறுத்ததே. கருவி உணர்வது மேல் 5 சென்டிமீட்டர் அளவே என்பதால், அதே ஆழத்தில், அதே நாளில், பல இடங்களில் மண்ணெடுத்து, உடனே எடைபோட்டு, 105 பாகை செல்சியஸில் 24 மணி நேரம் உலர்த்தி மீண்டும் எடைபோட வேண்டும். கிடைக்கும் எடைவழி ஈரத்தை (இழந்த நீரின் எடையை உலர் மண்ணின் எடையால் வகுத்தது), உலர் மண்ணின் பருமனடர்த்திக்கும் (இடைவெளிகளையும் சேர்த்துக் கணக்கிடும் அடர்த்தி) நீரின் அடர்த்திக்கும் உள்ள விகிதத்தால் பெருக்கினால் கனஅளவு ஈரம் தெரியும்.

பின்னர் மண் வெப்பநிலை, பயிரிலுள்ள நீர், நிலத்தின் கரடுமுரடு ஆகியவற்றின் விளைவுகளைத் திருத்தி ஈரத்தைக் கணக்கிடுங்கள். வானூர்தி சாய்ந்து திரும்பிய நேரத்து அளவீடுகளையும் அடர்காட்டுப் பகுதிகளையும் நீக்கிவிடுங்கள்.