கனி வகைப்பாடு: பழத்தை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள்

வியாசர்பாடியில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் தாவரவியல் சொல்லித் தருகிறேன். கனிகள் பாடம் வந்தாலே, போன வருஷப் பிள்ளைகள் தடுக்கி விழுந்த இடத்தில்தான் இந்த வருஷப் பிள்ளைகளும் விழுகிறார்கள். தக்காளி காயா கனியா என்ற பழைய பஞ்சாயத்தை விட்டுவிடுகிறேன்.

திரள்கனியையும் கூட்டுக்கனியையும் குழப்புவது

மூலக்கடைத் தள்ளுவண்டியில் வாங்கிய சீதாப்பழத்தையும் பலாவையும் மேசையில் வைத்தால், பலரும் இரண்டுக்கும் ஒரே விடை எழுதுகிறார்கள். இரண்டிலும் சுளை, இரண்டிலும் கரடுமுரடான தோல், அதனால் ஒரே வகையாம். செய்முறைத் தேர்வில் மதிப்பெண் பறிபோவது இங்கேதான். எனக்குக் கோபம் வருவதும் இங்கேதான். சுளையை எண்ணுகிறவர்கள், இது எத்தனை பூவிலிருந்து வந்தது என்று கேட்பதே இல்லை.

சீதாப்பழம் ஒரே பூவிலிருந்து வருகிறது. அந்தப் பூவில் தனித்தனியாக இருக்கும் பல சூலிலைகள் (சூலைத் தாங்கும் பெண் பாகங்கள்) முற்றும்போது ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. தோலில் தெரியும் ஒவ்வொரு புடைப்பும் ஒரு சூலிலை. இது திரள்கனி. பலாவிலோ ஒரு மஞ்சரி, அதாவது பூங்கொத்து, முழுவதும் சேர்ந்து ஒரு பழமாகிறது. ஒவ்வொரு சுளையும் ஒரு பூ. நாம் பிய்த்து எறியும் சடை, கருவுறாத பூக்கள். இது கூட்டுக்கனி. அன்னாசியும் அப்படித்தான்.

சந்தேகம் இருந்தால் தெருவுக்கு வாருங்கள். நெட்டிலிங்க மரத்தின் காய்க்கொத்தைப் பார்த்து, "பல பூவோட காய் சார்" என்று அடித்துச் சொன்னாள் ஒரு மாணவி. காம்புகளை விரலால் தடவிக்கொண்டே போகச் சொன்னேன். எல்லாம் ஒரே பூக்காம்பின் நுனியில், ஒரு சின்னக் குமிழில் வந்து முடிந்தன. அத்தனையும் ஒரே பூவின் காய்கள்! நெட்டிலிங்கம் சீதாவின் குடும்பம்தான். இதில் சூலிலைகள் ஒட்டுவதில்லை, அவ்வளவே. கொடுங்கையூர் காலி மனைகளில் தானாக முளைத்து நிற்கும் நுணாவில் நேர்மாறு. பச்சை உருண்டையின்மேல் ஒரு வெள்ளைப் பூ விரிந்திருக்கும், பக்கத்தில் ஒரு மொட்டு, அதற்கடுத்துப் பூ உதிர்ந்த தழும்பு. உருண்டை ஒன்று, பூக்கள் பல.

முந்திரிப்பழத்தைக் கனி என்பது

அது வீங்கிய பூக்காம்பு. அடியில் தொங்கும் கொட்டைதான் கனி.

தேங்காயைத் தனி வகையாக்குவது

மாங்காயோடு சேருங்கள். விதையைச் சுற்றியிருக்கும் கனியுறையில், தேங்காய் மட்டையின் நார் நடு உறை, கொட்டாங்கச்சி உள் உறை. மாங்கொட்டையின் ஓடும் அதே உள் உறைதான். தேங்காய்ப் பருப்பும் இளநீரும் விதைக்குள் இருக்கும் கருவூண், அதாவது வளரும் கருவுக்கான உணவு. அவற்றைக் கனியுறையில் சேர்த்து எழுதாதீர்கள்.

அரிசியை வெறும் விதை என்பது

உமிக்குள் இருப்பது முழுக் கனி. கனியுறையும் விதையுறையும் பிரிக்க முடியாதபடி ஒட்டியிருக்கும். தீட்டும்போது இரண்டும் சேர்ந்தே தவிடாகப் போகின்றன.