அளந்தது ஒன்று, நாம் படிப்பது இன்னொன்று: மார்பகப் புற்றுநோய், பார்க்கின்சன் ஆய்வுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உடலின் பிற பாகங்களுக்கும் பரவிய மார்பகப் புற்றுநோயோடு இருந்த 86 பெண்களை வைத்து அமெரிக்காவில் மனநல மருத்துவர் டேவிட் ஸ்பீகல் ஓர் ஆய்வு செய்தார். அவர்களில் ஒரு பகுதியினர் வாராவாரம் கூடி உட்கார்ந்து பயம், வலி, சாவு என எல்லாவற்றையும் மனம்விட்டுப் பேசினார்கள். 1989இல் முடிவு வந்தது. பேசியவர்கள் சராசரியாக 36.6 மாதம் வாழ்ந்திருந்தார்கள், மற்றவர்கள் 18.9 மாதம்தான். ‘மனசு தைரியமா இருந்தா கேன்சரையே ஜெயிச்சிடலாம்’ என்று சொல்பவர்களுக்கு இதைவிட நல்ல ஆதாரம் வேண்டுமா?

ஒரே ஒரு சின்ன ஆய்வை வைத்து முடிவு கட்டுவது முதல் தவறு. 2001இல் கனடாவில் பமீலா குட்வின் குழு இதையே 235 பெண்களிடம் செய்து பார்த்தது. பேசியவர்களுக்குக் கிடைத்தது 17.9 மாதம், மற்றவர்களுக்கு 17.6 மாதம். அவ்வளவுதான் வித்தியாசம். ஸ்பீகலே மறுபடி செய்து 2007இல் வெளியிட்ட ஆய்விலும் மொத்தத்தில் ஆயுள் கூடவில்லை.

சரி, அப்படியானால் குழுவாகப் பேசுவதில் பயனே இல்லையா? அப்படி நினைப்பதும் தவறுதான். குட்வின் ஆய்வில் மன உளைச்சலும் வலியும் குறைந்தன. சேரும்போதே அதிக வேதனையில் இருந்தவர்களுக்கு அதிகப் பலன் கிடைத்தது. ஆயுள் கூடாவிட்டால் நிம்மதிக்கு மதிப்பில்லை என்று யார் சொன்னது? இரண்டையும் குழப்புவதில் ஒரு கொடுமையும் இருக்கிறது: நோய் திரும்பி வந்த பெண்ணைப் பார்த்து ‘நீ தைரியமா இல்ல’ என்று சொல்லாமல் சொல்லிவிடுகிறோம். இந்தத் தவறுகளிலேயே மோசமானது இதுதான் என்பேன்.

நலத்தை அளக்கும் கேள்வித்தாள்களிலும் கவனம் வேண்டும். ஐரோப்பாவில் உருவாகி உலகெங்கும் புற்றுநோயாளிகளிடம் பயன்படும் கியூஎல்கியூ-சி30 என்ற கேள்வித்தாளில் மதிப்பெண் 0 முதல் 100 வரை. நடமாட்டம், மனநிலை போன்றவற்றில் எண் கூடினால் நல்லது. களைப்பு, வலி போன்றவற்றில் கூடினால் மோசம். இதைக் கவனிக்காமல் படித்தால் அட்டவணையே தலைகீழாகிவிடும். அப்புறம், ‘குறிப்பிடத்தக்க முன்னேற்றம்’ என்று போட்டிருந்தால் எத்தனை புள்ளி என்று தேடுங்கள். இரண்டு மூன்று புள்ளி என்றால் அந்தப் பெண்ணுக்கே மாற்றம் தெரிந்திருக்காது.

நடுக்கமும் இறுக்கமும் தரும் மூளை நோயான பார்க்கின்சன் பக்கம் வந்தால், ‘எம்.ஆர்.ஐ. நார்மல், அதனால் பார்க்கின்சன் இல்லை’ என்பதை அடிக்கடி கேட்கலாம். பார்க்கின்சனில் வழக்கமான எம்.ஆர்.ஐ. பெரும்பாலும் நார்மலாகத்தான் இருக்கும். வேறு காரணம் உண்டா என்று பார்க்கத்தான் அதை எடுக்கிறார்கள். டாட்ஸ்கேன் வேறு வகை. மூளையின் உட்பகுதியில், அசைவுக்கு உதவும் டோபமைன் என்ற வேதிப்பொருளைத் திரும்ப உறிஞ்சும் புரதம் எவ்வளவு இருக்கிறது என்று அது காட்டும். ஆரோக்கியமான மூளையில் படம் இரண்டு காற்புள்ளி போலத் தெரியும், பார்க்கின்சனில் அவை சுருங்கி முற்றுப்புள்ளி போல ஆகிவிடும். ஆனால் பார்க்கின்சனையும் அதைப் போன்ற வேறு சில மூளைச் சிதைவு நோய்களையும் இந்தப் படத்தால் பிரித்துச் சொல்ல முடியாது. மருந்தால் வரும் நடுக்கத்திலும் இறுக்கத்திலும் ஸ்கேன் பொதுவாக நார்மலாக இருக்கும். கீமோ வாந்திக்குக் கொடுக்கப்படும் மெட்டோகுளோப்ரமைடு அப்படிப்பட்ட மருந்துகளில் ஒன்று.

படத்தை மட்டும் நம்பினால் எங்கே போய் நிற்போம் என்பதற்கு 2004இல் வெளியான எல்டோபா ஆய்வைப் பாருங்கள். ஆரம்பநிலை பார்க்கின்சன் உள்ள 361 பேருக்கு 40 வாரம் லெவோடோபா என்ற பார்க்கின்சன் மருந்தோ, மருந்தில்லாத வெறும் மாத்திரையோ கொடுத்தார்கள். லெவோடோபா எடுத்தவர்களின் நடை, அசைவு எல்லாம் மேலாக இருந்தது. மருந்தை நிறுத்தி இரண்டு வாரம் ஆன பிறகும்கூட. ஆனால் ஒரு பகுதியினருக்கு எடுத்த, அதே புரதத்தைக் காட்டும் ஸ்கேன் நேர்மாறாகச் சொன்னது. நாளுக்கு 600 மில்லிகிராம் எடுத்தவர்களுக்குப் படத்தில் 7.2 சதவீதம் சரிவு, வெறும் மாத்திரைக்காரர்களுக்கு 1.4 சதவீதம்தான். ஆள் தேறுகிறார், படம் தேய்கிறது. மருந்து நரம்புகளை அழிக்கிறதா, அல்லது அந்தப் புரதத்தின் அளவை மட்டும் மாற்றுகிறதா என்று இந்தப் படத்தால் சொல்ல முடியவில்லை. ‘லெவோடோபாவைத் தள்ளிப்போடுவதே நல்லது’ என்ற பயத்துக்கு இதுவும் தீனி போட்டது. 2019இல் நெதர்லாந்தில் 445 பேரிடம் செய்த ஆய்வில், உடனே தொடங்கியவர்களுக்கும் 40 வாரம் தள்ளித் தொடங்கியவர்களுக்கும் 80ஆவது வாரத்தில் வித்தியாசம் இல்லை. மருந்து நோயின் வேகத்தைக் குறைக்கவில்லை, கூட்டவும் இல்லை.

டாட்ஸ்கேனுக்குப் போகிறவர்கள் செய்யும் தவறு ஒன்றும் உண்டு. லெவோடோபா படத்தைக் கெடுத்துவிடும் என்று தாங்களாகவே நிறுத்திவிடுகிறார்கள். அதற்கு அவசியமில்லை. மனச்சோர்வுக்கும் புகைப்பழக்கத்தை விடவும் கொடுக்கும் புப்ரோபியான், கவனக்குறைவுக் கோளாறுக்குக் கொடுக்கும் மெத்தில்ஃபெனிடேட் போன்றவைதான் படத்தை மாற்றக்கூடியவை. அவற்றையும் நீங்களாக நிறுத்த வேண்டாம், மாத்திரைச் சீட்டு முழுவதையும் டாக்டரிடம் காட்டுங்கள்.