கிட் காரைத் தடத்துக்குத் தயார்செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரின் காக்கி புக்கிட்டில் மூன்று நண்பர்களோடு வாடகையைப் பங்குபோட்டுக்கொண்டு ஒரு சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். வார இறுதியில்தான் திறப்போம். கிட் கார், அதாவது பாகங்களாகப் பெட்டியில் வாங்கி நாமே பூட்டும் கார், கட்டும் ஆசையோடு அங்கே வரும் தம்பிகள் முதலில் கேட்பது எஞ்சினைப் பற்றித்தான். "அண்ணே, ஹோண்டா கே20 போடலாமா? இல்ல, ஹயபூசா பைக் எஞ்சினே போதுமா?" எஞ்சின் பேச்சு எனக்கும் பிடிக்கும், மணிக்கணக்கில் பேசுவேன். ஆனால் பந்தயத் தடத்துக்குப் போய்ப் பாதி நாளிலேயே காரை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு திரும்பியவர்களைக் கேட்டுப் பாருங்கள். கொதித்த பிரேக் ஆயில், தளர்ந்த போல்ட், ஒழுங்காகத் தொடாத எர்த் வயர் என்று ஏதாவது ஒரு சின்ன விஷயத்தைத்தான் சொல்வார்கள்.

லோட்டஸ் நிறுவனர் கோலின் சாப்மன் 1957இல் லோட்டஸ் செவன் என்ற சின்ன ஸ்போர்ட்ஸ் காரை அறிமுகப்படுத்தியபோது, பிரிட்டனில் முழுக் காருக்கு இருந்த கொள்முதல் வரி, பாகங்களாக வாங்கினால் இல்லை. அதனால் பலர் பெட்டிகளில் வாங்கி வீட்டிலேயே பூட்டினார்கள். 1973இல் அந்த வரி அனுகூலம் போய்விட்டது, செவனின் உரிமையும் கேட்டர்ஹாம் நிறுவனத்துக்குக் கைமாறியது. இன்று நாம் கட்டும் கார்களில் பெரும்பாலானவை அதே சாயல்தான்: குழாய்ச் சட்டகம், முன்னால் எஞ்சின், பின் சக்கரங்களை ஒட்டி ஓட்டுநர், ஐந்நூறு அறுநூறு கிலோ எடை. ஷோரூமில் வாங்கும் காரில் பிரேக் சமநிலையையும் எஞ்சின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பையும் வயரிங்கையும் பொறியாளர்கள் மாதக்கணக்கில் சோதித்திருப்பார்கள். கிட் காரில் அந்த வேலை முழுவதும் நம் தலையில். பெட்டியோடு வரும் விளக்கப் புத்தகம் எதை எங்கே பூட்டுவது என்று சொல்லும், பூட்டியது தடத்தில் எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்லாது.

நமக்கு இன்னொரு சிரமமும் உண்டு. சிங்கப்பூரில் நிரந்தரத் தடம் கிடையாது. அப்பர் தாம்சன் சாலையில் 1961 முதல் 1973 வரை கிராண்ட் பிரீ ஓடியது, அத்தோடு சரி. 2008இல் தொடங்கிய மரினா பே தடம் பந்தய வாரத்துக்கு மட்டும் உயிர்பெறும் நகரச் சாலை. ஆகவே நாம் போவது பெரும்பாலும் மலேசியாவின் செப்பாங்: 1999இல் திறந்தது, 5.543 கிலோமீட்டர், 15 வளைவுகள், இங்கிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல். பக்கத்திலேயே தடம் இருப்பவர் மாலையில் கோளாறைச் சரிசெய்து அடுத்த வாரம் திரும்பப் போகலாம். நமக்கு அதே கோளாறு விடுப்பு, டிரெய்லர், ஓட்டல் அறை, தடக் கட்டணம் எல்லாவற்றையும் தின்றுவிடும்.

எஞ்சினுக்கு முன் பிரேக்

550 கிலோ காரில் 140 குதிரைத்திறன் இருந்தால் டன்னுக்கு 250க்கும் மேல் வருகிறது. புதிதாகத் தடத்துக்கு வருபவருக்கு அது தாராளம். அதன்மேல் டர்போ போடச் செலவழிக்கும் பணத்தில் பாதியைப் பிரேக்குக்கும் சஸ்பென்ஷனுக்கும் கொடுத்தால் சுற்று நேரமும் குறையும், உயிருக்கும் நல்லது. வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகும். செப்பாங்கில் இரண்டு நீண்ட நேர்தடங்கள் அடுத்தடுத்து வருகின்றன. முதலாவதன் முடிவில் 15ஆம் வளைவு, இரண்டாவதன் முடிவில் 1ஆம் வளைவு. முதல் மிதியில் சூடான டிஸ்க் முழுக்க ஆறுவதற்குள் அடுத்த மிதி வந்துவிடும்.

இங்கே நடக்கும் முதல் தவறு பிரேக் ஆயிலை மறப்பது. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 தர பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக்கூடாது என்பது தரவிதி. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155 டிகிரிதான். டாட் 5.1இல் அது 260, 180. கொதித்தால் குழாயில் ஆவி, ஆவி இருந்தால் பெடல் தரைவரை போகும். சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டும் ஊரில், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றலாம் என்ற சாலைக் கணக்கை நம்பாதீர்கள். ஒவ்வொரு தடப் பயணத்துக்கும் முன் புது ஆயில். திறந்து பாதி மீந்த டப்பாவை அடுத்த முறைக்கு எடுத்து வைக்க வேண்டாம். டாட் 5 என்பது சிலிக்கோன், அதை டாட் 5.1 என்று நினைத்துக் கலந்துவிடவும் கூடாது.

இரண்டாவது தவறு, கனமான காருக்குச் செய்த பந்தய பிரேக் பேடை (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் கட்டை) இலேசான காரில் மாட்டுவது. அந்த பேடுகள் நன்றாகச் சூடான பிறகுதான் பிடிக்கும். நம் காரின் எடைக்கு அந்தச் சூடு ஏறவே ஏறாது, நாள் முழுக்க மரக்கட்டையை மிதிப்பதுபோல் இருக்கும். உங்கள் எடையில் ஓடும் கார் வைத்திருப்பவரிடம் கேட்டு வாங்குங்கள்.

மூன்றாவதுதான் மிக ஆபத்தானது: முன்-பின் பிரேக் சமநிலை. கிட்டுக்காக எஞ்சினும் அச்சுகளும் கழற்றி எடுத்த பழைய காரின் பிரேக்குகள் அந்தக் காரின் எடைப் பங்கீட்டுக்காகக் கணக்கிட்டவை. காலிப்பர் (பேடை அழுத்தும் பிடி), டிஸ்க் அளவு, பேடின் தன்மை, மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளும் உருளை) ஆகியவற்றில் எதை மாற்றினாலும் சமநிலை நகரும். என் முதல் காரில் முன் சக்கரத்தில் சாதாரண பேடை விட்டுவிட்டு, கையில் கிடைத்ததே என்று நல்ல பிடிப்புள்ள பேடைப் பின்னால் மட்டும் மாட்டினேன். 15ஆம் வளைவுக்கு மிதித்ததும் பின் சக்கரங்கள் முதலில் சுழலாமல் பூட்டிக்கொண்டன, கார் முழுதாகச் சுழன்று புல்லில் நின்றது. பின்னால் வந்தவர் தூரத்தில் இருந்ததால் தப்பித்தேன். அன்று கை நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது. எப்போதும் முன் சக்கரம் ஒரு கணம் முந்திப் பூட்ட வேண்டும். அப்போது கார் நேராகவாவது போகும். வேகமான சுற்றுகளைத் தொடங்கும் முன், காலி இடத்தில் குறைந்த வேகத்தில் மிதித்து, வெளியே நிற்கும் நண்பரைக் கைப்பேசியில் படமெடுக்கச் சொல்லுங்கள். எது முதலில் பூட்டுகிறது என்று அதில் தெளிவாகத் தெரியும்.

நம் ஊர் வெயில்

கிட்டுகளில் பல குளிர்நாட்டில் வடிவமைத்தவை. ரேடியேட்டர் வெப்பத்தை வெளியேற்றும் அளவு, தண்ணீருக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தைப் பொறுத்தது. தண்ணீர் 90 டிகிரி என்று வையுங்கள். 18 டிகிரி நாளில் வித்தியாசம் 72, நம் 33 டிகிரியில் 57. அதே ரேடியேட்டர் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வேலையை இழந்துவிடுகிறது. உடனே பெரிய ரேடியேட்டர் வாங்க ஓடாதீர்கள். முதலில், மூக்கில் நுழையும் காற்று ரேடியேட்டரின் ஓரச் சந்துகள் வழியாகத் தப்பிக்கிறதா பாருங்கள். அலுமினியத் தகடும் ஃபோமும் வைத்து அந்தச் சந்துகளை அடைத்தாலே நல்ல மாற்றம் தெரியும். அடுத்து, உள்ளே வந்த காற்று வெளியேற வழி வேண்டும். செவன் வகைக் கார்களில் ரேடியேட்டர் தாழ்வாக இருப்பதால், தண்ணீர் நிரப்பும் தொட்டி, தண்ணீர் ஓடும் முழுச் சுற்றிலும் உயரமான இடத்தில் இல்லையென்றால் எஞ்சின் தலையில் காற்று அடைத்துக்கொள்ளும். அப்போது மீட்டர் காட்டுவதையும் நம்ப முடியாது.

ஆயிலுக்கு வேறு ஆபத்து. கே20 போன்ற எஞ்சின்கள் குறுக்குவாட்டில் உட்காரும்படி செய்தவை. நாம் அதை நீளவாட்டில் திருப்பி வைக்கிறோம். சம்ப்புக்குள் ஆயிலைத் தடுக்கும் தகடுகள் எந்தப் பக்க விசைக்காக இருந்தனவோ அந்தப் பக்கமே மாறிவிடுகிறது. செப்பாங்கின் 5ஆம் வளைவு நீண்ட, வேகமான இடது வளைவு. அங்கே ஆயில் வலப்பக்கம் ஒதுங்கி, உறிஞ்சும் குழாய் ஓரிரு நொடி காற்றைக் குடித்தாலே பேரிங் போய்விடும். தடுப்புத் தகடு வைத்த சம்ப் குறைந்தபட்சத் தேவை. சாலைக் காரின் ஆயில் விளக்கு, அழுத்தம் கிட்டத்தட்ட முழுக்கப் போன பிறகுதான் எரியும். அதிக அழுத்தத்திலேயே எரியும் சுவிட்சும், கண்ணில் அடிக்கும் பெரிய சிவப்பு விளக்கும் போடுங்கள். வளைவின் நடுவே யாரும் அழுத்த மீட்டரின் முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

போல்ட்டும் எர்த்தும்

கடற்காற்றும் மழையும் உள்ள ஊர் என்பதால், துருப்பிடிக்காமல் பளபளவென்று இருக்கட்டும் என்று சஸ்பென்ஷனிலும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட் போடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். போல்ட் தலையில் 8.8 என்று இருந்தால், அறுபடும் வலிமை 800 மெகாபாஸ்கல், அதில் 80 விழுக்காடான 640 வரை நிரந்தரமாக நீளாமல் தாங்கும் என்று பொருள். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் ஏ2-70 ஸ்டெயின்லெஸ் போல்ட் 450இலேயே நீளத் தொடங்கும். பாடித் தகட்டுக்கு அது போதும், சக்கரத்தைப் பிடித்திருக்கும் இடத்துக்குப் போதாது. அங்கே முத்திரையுள்ள 8.8 அல்லது 10.9, மரையில்லாத தண்டுப்பகுதி விசை விழும் இடத்தில் வரும்படியான நீளம், ஒவ்வொரு முறையும் புது நைலாக் நட் (தளராதபடி உள்ளே நைலான் வளையம் உள்ள நட்). முறுக்கு விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் முறுக்கி முடித்ததும் நட்டிலும் தகட்டிலும் சேர்த்து ஒரு பெயிண்ட் கோடு இழுங்கள். கோடு விலகியிருந்தால் நட் தளர்ந்திருக்கிறது என்று குனிந்து பார்த்தாலே தெரியும்.

எர்த் விஷயத்தில் நான் இரண்டு பயணங்களைத் தொலைத்தேன். மின்விசிறி ஓடத் தொடங்கியதும் வெப்ப முள் சட்டென்று ஏறும். எஞ்சின் கொதிக்கிறது என்று பயந்து தெர்மோஸ்டாட்டை மாற்றினேன், ரேடியேட்டரை மாற்றினேன், முள் அப்படியே ஏறியது. கடைசியில் பக்கத்துப் பட்டறையில் வயரிங் வேலை செய்யும் பெரியவர் ஒருவர் வந்து பார்த்தார். "தம்பி, பவுடர் கோட்டிங் மேலயே எர்த் நட்ட முடுக்கியிருக்க. பெயிண்டச் சுரண்டிட்டு மாட்டு," என்றார். பத்து நிமிட வேலை. சட்டகத்தின் பூச்சு மின்சாரத்தை விடாது. எஞ்சினும் ரப்பர் மவுண்டின் மேல் உட்கார்ந்திருப்பதால் சட்டகத்தோடு தொடர்பில்லாமல் இருக்கும். பேட்டரியிலிருந்து எஞ்சினுக்கும் சட்டகத்துக்கும் தனித்தனியாகத் தடித்த பட்டை போடுங்கள். ஸ்டார்ட் செய்யும்போது எஞ்சின் உடலுக்கும் பேட்டரியின் நெகட்டிவுக்கும் இடையே மல்டிமீட்டர் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்குமேல் காட்டினால் எங்கோ தொடர்பு சரியில்லை.

நீங்கள் உட்காரும் இடம்

இதைச் சுருக்கமாகச் சொன்னாலும் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. ஹெல்மெட் போட்டு சீட்டில் உட்கார்ந்து, ரோல் பாரின் (கார் கவிழ்ந்தால் தலையைக் காக்கும் இரும்பு வளைவு) உச்சியிலிருந்து காரின் முன்பக்க உறுதியான பகுதிவரை ஒரு நீளக் குச்சியை வையுங்கள். ஹெல்மெட் அதற்கு 5 சென்டிமீட்டராவது கீழே இருக்க வேண்டும். ஹார்னஸின் (பந்தய சீட் பெல்ட்) தோள் பட்டைகள் தோள் மட்டத்திலிருந்து சற்றே சரிந்து பின்னால் போகலாம். தரையில் கட்டினால் மோதலின்போது முதுகெலும்பை அழுத்தி நசுக்கும். அழகுக்காக மெல்லிய ரோல் பார் போட்ட கார்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் பதறுகிறது.

தாள் வேலையும் முதல் ஓட்டமும்

காரைக் கட்டிவிட்டுப் பிறகு அனுமதியைப் பார்க்கலாம் என்று எண்ணுவது இங்கே பெரிய நஷ்டத்தில் முடியும். 2023 அக்டோபரில் பெரிய கார் பிரிவின் சிஓஇ (வாகன உரிமைச் சான்றிதழ்) மட்டுமே 150,001 வெள்ளிக்குப் போனது. சாலைப் பதிவு வேண்டுமா, தடத்துக்கு மட்டுமா என்று முதல் போல்ட் வாங்கும் முன்பே முடிவெடுங்கள். பதிவுள்ள காரில் எஞ்சின் மாற்ற நிலப் போக்குவரத்து ஆணையத்தின் முன் அனுமதி வேண்டும். பதிவில்லாத காரைப் பட்டறை வாசலிலுள்ள சாலையில்கூட ஓட்டிப் பார்க்கக்கூடாது. எல்லை தாண்டும்போது சுங்கத் தாள்களைக் கொண்டு செல்வதற்கும் திரும்பக் கொண்டுவருவதற்கும் சேர்த்தே கேட்டு வாங்குங்கள். இழுத்துச் செல்லும் வண்டிக்கு மலேசிய நுழைவு அனுமதியும், உட்லண்ட்ஸிலோ துவாஸிலோ முக்கால் டாங்க் பெட்ரோலும் தேவை. காப்பீட்டையும் வாசித்துப் பாருங்கள், சாதாரணக் காப்பீடுகள் பொதுவாகத் தட ஓட்டத்துக்குப் பொறுப்பேற்பதில்லை.

ஓட்டிப் பார்க்கவே இடமில்லாததால் முதல் ஓட்டமே செப்பாங்கில்தான் என்று பலருக்கும் ஆகிவிடுகிறது. அப்படியென்றால் அன்று தடத்தில் உங்களுக்குக் கிடைக்கும் முதல் ஓட்ட நேரத்தை முழுக்கச் சோதனைக்கு விட்டுவிடுங்கள். மூன்று சுற்று மெதுவாகப் போய் உள்ளே வாருங்கள். கசிவு, பெயிண்ட் கோடுகள், சக்கர நட், பெடல் உறுதி எல்லாம் பார்த்த பிறகு அடுத்தது. டயர்க் காற்றை, எஞ்சின் கொடுத்த பழைய காரின் கதவில் ஒட்டியிருந்த அளவுக்கு நிரப்ப வேண்டாம். 600 கிலோவுக்குக் குறைந்த இந்தக் கார்களுக்குக் குளிர்ந்த நிலையில் 18 முதல் 20 பிஎஸ்ஐ நல்ல தொடக்கம். உள்ளே வந்ததும் சூடான அளவை ஒரு நோட்டில் எழுதுங்கள்.

செப்பாங்கில் பிற்பகல் மழை வழக்கம்தான். அரை ஸ்லிக் டயரும் (வரிப்பள்ளம் மிகக் குறைந்த பந்தய டயர்) இலேசான காரும் தேங்கிய நீரில் மிதந்துவிடும், ஸ்டீயரிங் கையில் வெறுமனே சுற்றும். நான் சாலை டயர் நான்கை ரிம்மோடு டிரெய்லரிலேயே கொண்டுபோகிறேன். மேற்கே வானம் கறுக்கும்போதே ஜாக்கைப் போட்டு மாற்றத் தொடங்கிவிடுவேன், மாற்றியபின் சக்கர நட்டுகளை டார்க் ரெஞ்சால் இன்னொரு முறை பார்த்துவிட்டுத்தான் பிட் லேனுக்குப் போவேன்.