பரப்புக் கணக்கிலிருந்து பைத்தன் பழகுதல்

செய்நிரலாக்கம் பழக விரும்புவோரிற் பலர், எந்த மொழியில் தொடங்குவது என்று விசாரிப்பதிலேயே மாதங்களைக் கழித்துவிடுகின்றனர். கைடோ வான் ரொசம் உருவாக்கி 1991 இல் வெளியிட்ட பைத்தன் இலவசமாகக் கிடைப்பதோடு, இங்கே இலங்கையில் உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்திலும் இடம்பெறுவதால், ஐயம் எழும்போது கேட்டறிய அயலிலேயே ஒரு மாணவர் அகப்படுவார். ஆகவே அதனையே எடுத்துக்கொள்ளலாம். விண்டோஸ் கணினியில் அதனை நிறுவும்போது ஐடில் என்னும் எழுதுகளமும் கூடவே வந்துவிடும். தொடக்கத்திற்கு அது தாராளமாகப் போதும்.

முதற் செய்நிரலுக்கு, விடை முன்கூட்டியே தெரிந்த ஒரு கணக்கே ஏற்றது. யாழ்ப்பாணத்தில் காணிப் பேச்சு பரப்பில்தான் நடக்கும். ஒரு பரப்பு என்பது 10 பேர்ச், 16 பரப்பு ஓர் ஏக்கர். பரப்பைக் கேட்டு வாங்குதல், அதனைப் பத்தாற் பெருக்குதல், விடையைப் பேர்ச்சிற் காட்டுதல் என்னும் மூன்று படிகளையும் முதலில் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். படிகளைப் பெட்டிகளாலும் அம்புகளாலும் காட்டும் பாய்ச்சற் கோட்டுப்படம் பரீட்சைக்கு வேண்டியதுதான். இவ்வளவு சிறிய வேலைக்கு அது மிகை.

இன்புட் (input) கட்டளையால் வாங்கிய பெறுமானத்தை ஒரு மாறியில், அதாவது பெயரிட்ட ஒரு சேமிப்பிடத்தில், இட்டு, பத்தாற் பெருக்கி, பிரிண்ட் (print) கட்டளையால் காட்டச் செய்யுங்கள். மாறிக்குப் பரப்பு என்று தமிழிலேயே பெயரிட்டாலும் பைத்தன் 3 ஏற்றுக்கொள்ளும். இப்போது 5 என்று தட்டினால் 50 வராது. 5555555555 என்று வரும். இன்புட் எதனை வாங்கினாலும் எழுத்தாகவே தருவதால், பைத்தன் அந்த எழுத்தைப் பத்துமுறை அடுக்கிவிட்டது. வாங்கியதை இண்ட் (int) கொண்டு முழு எண்ணாக மாற்றிய பின்னரே 50 கிடைக்கும். தரவு வகை என்பதை வரைவிலக்கணமாக மனனம் செய்வதைவிட, இந்தப் பத்து ஐந்துகளைத் திரையில் ஒருமுறை காண்பதே மேல்.

அடுத்து, இரண்டரைப் பரப்புக்கு 2.5 என்று கொடுத்துப் பாருங்கள். சிவப்பு எழுத்தில் நீண்ட செய்தி தோன்றும்; அதன் கடைசி வரியை முதலில் வாசியுங்கள். வேல்யூ எரர் (ValueError) என்று தொடங்கும் அவ்வரி, 2.5 ஐ முழு எண்ணாகக் கொள்ள இயலவில்லை என்பதைக் கூறும். இண்ட் இருந்த இடத்தில் தசம எண்ணையும் ஏற்கும் ஃபுளோட் (float) என்று மாற்றினால் 25.0 என விடை வரும்.

இதன் பின் நிபந்தனைக்குச் செல்லலாம். பரப்பு 0 இலும் குறைவாயின் எச்சரிக்கும்படி இஃப் (if) கூற்றொன்றைச் சேர்க்கும்போது, வரியின் இறுதியில் முக்காற்புள்ளி இட்டு, அடுத்த வரியை நான்கு இடைவெளி உள்ளே தள்ளி எழுத வேண்டும். எந்த வரிகள் நிபந்தனைக்கு உட்பட்டவை என்பதைப் பைத்தன் அந்தத் தள்ளலைக் கொண்டே அறிகிறது. சரியான அளவு கிடைக்கும்வரை திரும்பத் திரும்பக் கேட்க வைல் (while) கூற்று உதவும். அதுவும் இயங்கிய பின், ஒரு பரப்பின் விலையையும் கேட்டு முழுக் காணியின் பெறுமதியைச் சொல்லும்படி இதே செய்நிரலை நீட்டுங்கள்.